அச்சில் இல்லாத குரல்

மூன்றாவது முறையும் கட்டுரை திரும்பி வந்தது. வில்மார் வாய்விட்டுப் படிக்கவில்லை. மடிக்கணினித் திரையைக் கண்ணால் மேய்ந்துகொண்டிருந்தான். அவன் உதடு உள்ளே மடங்கியதுமே எடெல்மாவுக்கு விளங்கிவிட்டது. சுரைக்குடுக்கையில் மாத்தே பானத்துக்கான இலையை நிரப்பி, வெந்நீர் விட்டு, குழலைச் செருகி, முதல் கசப்பைத் தானே உறிஞ்சித் தீர்த்தாள். மறுபடி நீர் விட்டு அவன் பக்கம் நகர்த்தினாள்.

“படிடா.”

“போன தடவை சொன்னதேதான் பெரியம்மா.”

“அதனால என்ன, படி.”

படித்தான். எடெல்மா பிரிஸ் என்பவரைப் பற்றி, அவரோடு தொடர்பில்லாத யாரும் எழுதி அச்சில் வந்த மேற்கோள் ஒன்றுகூட இல்லை. மேலும் வரைவு சொல்லும் முக்கியமான செய்தி, இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏற்கெனவே இருக்கும் இன்னொரு கட்டுரைக்கு நேர் எதிராக இருக்கிறது. அந்தக் கட்டுரைக்குப் பதினொரு மேற்கோள்கள் உண்டு. ஆகவே ஏற்பதற்கில்லை. கீழே ‘எஸ்க்ரிபானோ’ என்று கையெழுத்து. அது ஒரு புனைபெயர். வரைவுகளைச் சரிபார்க்கும் அந்த ஆள் எந்த நாட்டுக்காரன், ஆணா பெண்ணா, கிழமா குமரா என்று வில்மாருக்கும் தெரியாது. சம்பளம் இல்லாத வேலை. அதைத்தான் இத்தனை கறாராகச் செய்துகொண்டிருந்தார் அவர்.

எடெல்மா குடுக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். குடுக்கை காலியாகும் உறிஞ்சல் சத்தம் கேட்கும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கெல்லாம் தொடக்கம் வில்மார்தான். அவள் தங்கை மகன், ஐம்பத்திரண்டு வயது, உருகுவேயின் சான் அன்செல்மோ தபால் நிலையத்தில் கவுன்ட்டரில் உட்காருபவன். ஒன்பது வருடமாக இணையக் கலைக்களஞ்சியத்தில் தேதி திருத்துவான், காற்புள்ளி போடுவான், கால்பந்துக் கழகங்கள் தொடங்கிய ஆண்டைத் தேடிச் சேர்ப்பான். அவனே எழுதிய கட்டுரை ஒன்றும் உள்ளே போனதில்லை. போன மார்ச்சில், தான் என்ன செய்கிறேன் என்று பெரியம்மாவுக்குக் காட்டும் ஆசையில், நம் ஊர்க்காரர் பக்கம் ஒன்று இருக்கிறது பாருங்கள் என்று திறந்து காட்டினான். நிபியா சுகாஸ்தி, வானொலி நாடக நடிகை. ‘அமாண்டினாவின் சாபம்’ தொடரில் அமாண்டினாவாக ஒலித்த குரலுக்காக நாடு முழுக்கப் புகழ்பெற்றவர்.

எடெல்மா அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு இரண்டு நாள் அவனுக்குக் கதவு திறக்கவில்லை.

மூன்றாம் நாள் திறந்து, நின்ற இடத்திலேயே சொன்னாள், அந்தக் குரல் தன்னுடையது என்று. அவனுடைய அம்மா சாகும்வரை அவனிடம் சொல்லாதது அது. அதன் பிறகு எடெல்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. எண்பத்தைந்து வயதில் அவள் கேட்டது ஒரே ஒரு வரி. அமாண்டினாவின் குரல் எடெல்மா பிரிஸுடையது என்று அந்தக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும், தான் சாவதற்குள்.

நடந்தது இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் அவளுக்கு இருபது வயது. இடது நெற்றிப் பொட்டில் தொடங்கித் தாடை வரைக்கும் பிறவியிலேயே திராட்சை நிறத்தில் ஒரு மச்சம், வெறும் நிறமாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக. உள்ளூர் வானொலி நிலைய முதலாளி அவள் குரலைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு வரச்சொன்னார். நேரில் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அப்புறம், வானொலிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவளிடமே சொன்னார். தினமும் மாலை ஆறிலிருந்து ஆறரை வரை. நாலு வருடம். அந்த அரைமணி நேரத்துக்கு ஊரில் தெருநாயைத் தவிர யாரும் வெளியே இருப்பதில்லை. மோன்டேவிடியோவிலிருந்து ஒரு வார இதழ் அமாண்டினாவின் படம் கேட்டது. முதலாளி, மருந்துக்கடைக் கணக்குப்பிள்ளையின் மகள் நிபியாவின் படத்தை அனுப்பினார். அட்டையில் வந்தது. அன்றிலிருந்து நிபியாதான் அமாண்டினா. சனி ஞாயிறுகளில் நாடகத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். நிபியா முன்னால் நின்று வாயசைப்பாள். எடெல்மா பின்திரைக்கு அந்தப் பக்கம் முக்காலியில், ஒரு லாந்தர் வெளிச்சத்தில், தாளைப் பார்த்துப் பேசுவாள். எல்லாமே நேரடி ஒலிபரப்பு. ஒலிநாடாவில் பதிந்த இரண்டொன்றின் மேலும் பிறகு கால்பந்து வர்ணனையைப் பதிந்துவிட்டார்கள்.

முதல் வரைவோடு வில்மார் அவளுடைய ஒப்பந்தத் தாளை இணைத்தான். ‘பேசும் பாத்திரம்: அமாண்டினா’ என்று முதலாளி கையெழுத்துப் போட்டது. அச்சில் வெளிவராத தனியார் தாள், செல்லாது என்று பதில் வந்தது. இரண்டாவது முறை அவளைப் பேசவைத்தே பதிவுசெய்து அனுப்பினான். முதல் பகுதியின் சாபத்தை அவள் மனப்பாடமாகச் சொன்னபோது வில்மார் கைபேசியைப் பிடித்திருந்த கையில் மயிர் சிலிர்த்தது. எண்பத்தைந்து வயது உடம்பில் அந்தக் குரல் மட்டும் மூப்படையவில்லை. தொலைபேசியில் மீன்கடைக்காரன் இன்றைக்கும் அவளைப் ‘பொண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறான். குரல் ஒத்துப்போகிறதா என்று காதால் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை இல்லை என்று பதில் வந்தது. மூன்றாவது முறை, பழைய நேயர்கள் மூன்று பேரின் கடிதங்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

“அந்த ஆள்கிட்ட ஒண்ணு கேளு,” என்றாள் எடெல்மா. “அந்தப் பதினொரு பத்திரிகையும் பொய் சொல்லியிருந்தா?”

வில்மார் உரையாடல் பக்கத்தில் அதை அப்படியே எழுதினான். மறுநாள் மரியாதையாகப் பதில் வந்தது. பொய் சொல்லியிருக்கலாம், பத்திரிகைகள் சொல்வதுண்டு. அது பொய் என்று இன்னொரு பத்திரிகை அச்சிட்டுச் சொல்ல வேண்டும். நான் உங்களை நம்புகிறேனா என்பது இங்கே கேள்வியே இல்லை. கடைசியில் ஒரு யோசனையும் இருந்தது. நிபியா சுகாஸ்தி உயிரோடு இருக்கிறார். அவரே ஒரு பேட்டியில் சொல்லி அது அச்சில் வந்தால் பரிசீலிக்கலாம்.

அதை வில்மார் படித்த பிறகு எடெல்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வடகாற்று அடித்துக்கொண்டிருந்தது. திரும்பாமலே, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் பேருந்து என்று கேட்டாள்.

நிபியா இருந்த முதியோர் இல்லம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் ஊரில். எண்பத்துமூன்று வயது. கண் அநேகமாகப் போய்விட்டது. ஆனாலும் தாதி உதட்டுச்சாயம் பூசிவிட்டிருந்தாள். குளத்தோரம் துண்டு விரித்த சாய்வு நாற்காலியில் கிடந்தவள், எடெல்மா மாலை வணக்கம் சொன்னதும் தலையைத் தூக்கினாள். அறுபத்தொரு வருடம் கழித்து.

“அடியே,” என்றாள் நிபியா. “நீ இன்னும் சாகலையா?”

“நீ போன பிறகு போகலாம்னு இருக்கேன்.”

நிபியா சிரித்தாள். பக்கத்து நாற்காலிகளில் இருந்த கிழவிகள் திரும்பிப் பார்த்தார்கள். வில்மார் குனிந்து விஷயத்தைச் சொன்னான்: களஞ்சியம், வரைவு, மேற்கோள், பேட்டி. அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

“என்னடி வேணும் உனக்கு?” என்றாள் கடைசியில்.

“ஒரு வரி.”

“ஒரு வரி. அதை உன்கிட்ட குடுத்துட்டா எனக்கு என்ன மிச்சம்? நாலு வருஷம் வாயை அசைச்சான்னு போடுவாங்களா?”

“அசைக்கத்தானே செஞ்சே.”

“நல்லா அசைச்சேன். நீ தடுமாறின இடத்துலகூட உன்னோட சேர்ந்து தடுமாறினேன். ஒருத்தனாவது கண்டுபிடிச்சானா? திரைக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தவளுக்கு அதெல்லாம் எங்க தெரியும்.”

உண்மையிலேயே அது எடெல்மாவுக்குத் தெரியாது.

வியாழக்கிழமைகளில் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வருகிறாள், கிழங்களைப் பேட்டி எடுத்துப் போடுகிறாள், அவளிடம் சொல்கிறேன் என்றாள் நிபியா. உன் பெயரைச் சொல்லியே சொல்கிறேன் என்று கன்னித்தாய் மேல் ஆணையிட்டாள். எழுந்தவர்களை மறுபடி நிறுத்தி, வில்மார் இருந்த திசையில் முகத்தைத் திருப்பிக் கேட்டாள்:

“உங்க பெரியம்மாவைப் பத்தி ஏற்கெனவே ஒருத்தன் அச்சுல எழுதியிருக்கானே. அதை உனக்குக் காட்டலையா?”

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எடெல்மா நடந்துவிட்டாள். திரும்பும் வழியில் வில்மார் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தான். அவள் ஆரஞ்சுத் தோப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பேட்டி வந்தது. அரைப் பக்கம். நிபியா சொன்னபடி பெயரைச் சொல்லியிருந்தாள். ‘எங்களோடு எடெல்மா பிரிஸ் என்று ஒரு பெண் இருந்தாள். மழைச் சத்தம், கதவுச் சத்தம், குதிரைக் குளம்பு எல்லாம் அவள்தான். கொட்டாங்குச்சி இரண்டைத் தட்டினாள் என்றால் குதிரை உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். பாவம், திறமைசாலி. அவளை யாரும் நினைப்பதே இல்லை.’

மறுநாள் மாலை வில்மார் பேக்கரியில் ஒரு பொட்டலம் பிஸ்கோச்சோ வாங்கிக்கொண்டு வந்தான். எடெல்மா அப்போதே கவனித்தாள். அவன் எதையாவது செய்துவிட்டுத்தான் தின்பண்டம் வாங்கி வருவான். வரைவை மாற்றி எழுதியிருந்தான். ஒலி விளைவுக் கலைஞர் எடெல்மா பிரிஸ். எஸ்க்ரிபானோ இந்த முறை திருப்பி அனுப்பவில்லை. நல்ல முன்னேற்றம், இன்னும் ஒரு மேற்கோள் கிடைத்தால் ஏற்கலாம் என்று எழுதியிருந்தார்.

“முதல்ல உள்ள போகட்டும் பெரியம்மா. உங்க பேருல பக்கம் இருக்கும். அப்புறம் மெதுவா ஒவ்வொண்ணாத் திருத்திக்கலாம்.”

“கட்டுரையைத் தொடங்கினது யாருன்னு அதுல தெரியுமா?”

“வரலாற்றுப் பக்கத்துல என் பேர் இருக்கும்.” அவன் காது சிவந்தது. மாதம் ஒருமுறை சால்ட்டோ நகரத்தில் களஞ்சியத்துக்கு எழுதுகிறவர்கள் கூடுவார்கள். அங்கே ஒரு மாட்டு வைத்தியக் கல்லூரி மாணவிகூட நாற்பது கட்டுரை எழுதியிருந்தாள். வில்மார் பெயருக்கு நேரே சுழி. அதை அவனே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

“உனக்கு ஒரு கட்டுரை வேணும்,” என்றாள் எடெல்மா. “அதுக்கு என்னைக் கொட்டாங்குச்சி ஆக்கிட்ட.”

அவன் பொட்டலத்தின் நூலைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் பழைய மருத்துவமனை உறை ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து மேசைமேல் விரித்தாள். பழுத்து, மடிப்பில் விட்டுப்போயிருந்தது.

அறுபத்தொன்று, ஆகஸ்ட் மாதம். பாசோ சாராந்தி என்கிற ஊரில் ஒரு கம்பளிக் கிடங்கில் நாடகம். மூன்றாம் அங்கத்தில் காற்று கூரைத் தகரத்துக்குள் புகுந்து பின்திரையை ஆணியோடு பிய்த்துக் கீழே தள்ளியது. எடெல்மாவின் கண் தாளில் இருந்தது. அவள் பார்க்கவில்லை. லாந்தர் கீழேயிருந்து அவள் முகத்தில் அடிக்க, இன்னும் இரண்டு வரி பேசினாள். முன்னால் நிபியாவின் வாய் நின்றுவிட்டது. குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் எடெல்மா நிமிர்ந்தாள். கூட்டத்தில் சான் அன்செல்மோவின் மாலைப் பத்திரிகைக்காரன் ஒருவன் காமிராவோடு இருந்தான்.

‘அழகி வாயசைத்தாள், பூதம் பேசியது.’ இதுதான் தலைப்பு. கீழே படம். ‘நாலு வருடமாக நம் வீடுகளில் அமாண்டினாவாகப் பேசியவர் எடெல்மா பிரிஸ் என்று தெரிய வந்திருக்கிறது. அந்த முகத்தை வருணிக்க எமக்குச் சொல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மொண்டோங்கோக் குழம்புக்கு மாட்டுக்குடல் கழுவும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.’ இப்படி ஒன்றரைப் பத்தி. அந்த வாரமே ஊரில் அவளுக்கு மொண்டோங்கோ என்று பெயராயிற்று. அடுத்த மாதம் தொடரை நிறுத்தினார்கள். பத்திரிகையும் இரண்டு வருடத்தில் மூடிப்போனது. அதன் ஒரே தொகுப்பு நகர நூலகத்தில் இருந்தது. எடெல்மா ஒரு சவர பிளேடோடு போய், தங்கையை அலமாரி முனையில் காவலுக்கு நிறுத்தி, அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அதன்பிறகு முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தாள். அங்கேயும் அவளை யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வில்மார் படித்தான். படத்தைப் பார்த்தான். நிமிர்ந்து ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். அந்த ஒரு கணத்தை எடெல்மா விட்டுவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் கண்ணில் வந்த பளபளப்புதான் அவளை அதிகம் சுட்டது.

“பேரோட இருக்கு பெரியம்மா. தேதி இருக்கு. நமக்குச் சம்பந்தமே இல்லாத ஆள் எழுதினது.” குரலைத் தாழ்த்தினான். “ஆனா உங்க பெட்டியில இருந்தா பிரயோஜனம் இல்ல. யார் வேணும்னாலும் போய்ப் பார்க்கிற இடத்துல இருக்கணும். அதான் விதி.”

“விதி,” என்றாள் அவள்.

பிஸ்கோச்சோ பிரிக்கப்படாமலே கிடந்தது. அவன் போன பிறகு எடெல்மா அந்தத் துண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கொட்டாங்குச்சியா, பூதமா என்றுதான் கணக்கு நின்றது. குதிரைக் குளம்பு மானக்கேடு இல்லாத வேலை. அதை வாங்கிக்கொண்டால் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். ஆனால் குரல் நிபியாவிடமே இருந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போனார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் அறுபத்தொன்றாம் வருடத் தொகுப்பைத் தூக்கி வந்து பிரித்தாள். பக்கம் இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. துண்டை வைத்துப் பார்த்தார்கள். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அந்தப் பெண் நின்றபடியே முழுவதையும் படித்தாள். பிறகு உள்ளேயிருந்து இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். அவளும் படித்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

“இது நீங்களாம்மா?”

“நான்தான்.”

“எப்ப எடுத்துட்டுப் போனீங்க?”

“பத்திரிகை மூடின வருஷமே.”

இரண்டாமவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அறுபது வருடத்துக்குத் தாமதக் கட்டணம் போட்டால் வீட்டைத்தான் எழுதி வாங்க வேண்டும் என்றாள். நல்ல பெண்தான், வேடிக்கைக்குச் சொன்னாள். ஒரு சீட்டு எழுதினார்கள். வெட்டி எடுத்தவர் எடெல்மா பிரிஸ், திருப்பிக் கொடுத்தவர் அவரே, உடன் வந்தவர் அவருடைய தங்கை மகன் வில்மார். முத்திரை குத்தித் துண்டோடு சேர்த்து ஒட்டிவைத்தார்கள். வில்மார் அங்கேயே படம் எடுத்தான். எடுத்த அவசரத்தில் சீட்டையும் சேர்த்தே எடுத்து, சேர்த்தே களஞ்சியத்தில் ஏற்றிவிட்டான்.

இரண்டாம் நாள் கட்டுரை ஏற்கப்பட்டது.

அவன் ஓடி வரவில்லை. மெதுவாக வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். படி என்றாள். எஸ்க்ரிபானோ வரைவை விதிப்படி திருத்தி எழுதியிருந்தார். ஒருவர் அச்சில் எந்தப் பெயரால் அறியப்பட்டிருக்கிறாரோ அதை முதல் வரியிலேயே தர வேண்டுமாம். ‘எடெல்மா பிரிஸ் (பிறப்பு 1937), பேசும் பூதம் என்றும் மொண்டோங்கோ என்றும் அறியப்பட்டவர், உருகுவே வானொலி நாடக நடிகை. அமாண்டினாவின் குரல் இவருடையது.’ பக்கத்தில் அந்தப் படம், லாந்தர் வெளிச்சத்தோடு. படம் பழையது, உரிமை முடிந்துவிட்டது, ஆகவே தடையில்லை. ‘தோற்றம்’ என்று ஒரு பிரிவு. அதில் குடல் வரைக்கும் மேற்கோளாக முழுசாக. ‘நூலகச் சம்பவம்’ என்று இன்னொன்று. சான்று, அந்தச் சீட்டு. கடைசியில் ‘மாற்றுக் கருத்துகள்’: குதிரைக் குளம்பு போன்ற சத்தங்கள் மட்டுமே இவருடையவை என்று நிபியா சுகாஸ்தி கூறுகிறார்.

“அந்த முதல் வரியையாவது மாத்தலாம்னு பார்த்தேன்,” என்றான் வில்மார். “என்னால முடியாது. சீட்டுல உறவுமுறை போட்டிருக்கு, பார்த்துட்டார். சொந்தக்காரன் கை வைக்கக் கூடாது. கேட்டுப் பார்த்தேன். மேற்கோள்ல இருக்கிறதை மென்மையாக்குறது எங்க வேலை இல்லன்னுட்டார்.”

உயிரோடு இருக்கிறவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் கட்டுரையையே நீக்கச் சொல்லி விவாதத்துக்கு வைக்கலாம், ஏழு நாளில் முடிவு சொல்வார்கள் என்றான் அவன். நீக்கினால் அந்த வரியும் போய்விடும். எடெல்மா அதைக் கவனித்தாளா என்றே தெரியவில்லை. நிபியாவின் பக்கம் இப்போது என்ன சொல்கிறது என்று கேட்டாள். அதையும் எஸ்க்ரிபானோ திருத்திவிட்டிருந்தார். ‘நிபியா சுகாஸ்தி, அமாண்டினா பாத்திரத்துக்கு மேடையில் வாயசைத்தவர்.’

“இன்னொரு தடவை.”

படித்தான்.

“எதையும் எடுக்காதே,” என்றாள்.

வாரம் திரும்புவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ‘நம் ஊரின் பேசும் பூதம்’ என்று பத்திரிகை நல்லெண்ணத்தோடே எழுதியது, படத்தோடு. பேக்கரியில் ஒரு குழந்தை அவளைப் பார்த்துத் தாயிடம் ஏதோ கேட்டது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். அறுபது வருடம் யாரும் சொல்லாத அந்தப் பெயரைத் தெருமுனையில் இரண்டு பயல்கள் சொல்லிப் பார்த்தார்கள். மீன்கடைக்காரன் தொலைபேசியில் அவளை அம்மா என்று கூப்பிட்டான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒருநாள் மாலை வில்மாரிடம், இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து வா என்றாள், பெரிய எழுத்தில். நிபியாவுக்கு யாராவது படித்துக் காட்டியிருப்பார்களா என்று கேட்டாள். அந்த இல்லத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்றான் அவன்.

“அப்ப போய்ச் சொல்லணும்.”

“வேண்டாம் பெரியம்மா. கண்ணு தெரியாதவங்க.”

“காது கேட்குதே.”

ஞாயிற்றுக்கிழமை அதே பேருந்து. அதே குளத்தோரம். நாற்காலிகளில் ஏழெட்டுக் கிழவிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். எடெல்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை. நிபியாவின் எதிரே உட்கார்ந்து, தாளைப் பிரித்து, அவளுடைய பக்கத்தைப் படித்தாள். ‘மேடையில் வாயசைத்தவர்.’ கொஞ்சம் நிறுத்தினாள். நிபியாவின் முகத்தில் சாயம் பூசிய உதடு மட்டும் லேசாகத் திறந்தது. எடெல்மா தன் கட்டுரையை எடுத்தாள். குரல் இவருடையது என்ற வரியைப் படித்து, அதற்குச் சான்றாக அடியில் கொடுத்திருந்த தலைப்பையும் படித்தாள். ‘அழகி வாயசைத்தாள், பூதம் பேசியது.’

நிபியா கையை நீட்டித் தடவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“முதல் வார்த்தை என்ன சொன்னே?”

“எது?”

“தலைப்புல. முதல் வார்த்தை.”

எடெல்மா தாளைப் பார்த்தாள். “அழகி.”

“அது அதுல இருக்கா? அந்தக் களஞ்சியத்துல?” வில்மார் பக்கம் திரும்பினாள். “மேற்கோளோடயா?”

“மேற்கோளோட,” என்றான் வில்மார்.

நிபியா பின்னால் சாய்ந்தாள். மூடிய கண்ணோரம் ஈரமாக இருந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பதினொரு பத்திரிகை,” என்றாள். “பதினொண்ணுலயும் குரல், குரல், குரல். தேன்னு எழுதினான், வெள்ளின்னு எழுதினான். என் படத்தைப் போட்டுட்டு உன்னைப் புகழ்ந்தானுங்க. என்னோடதுன்னு சொல்லி ஒருத்தன் ஒரு வார்த்தை எழுதல. அம்பது வருஷமா அதைச் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருந்தேன் நான்.” மணிக்கட்டை விடவில்லை. “எண்பத்துமூணு வயசுல யார் வந்து சொல்லப்போறா எனக்கு? கண்ணாடிகூடச் சொல்லாது. படிடி. முழுசும் படி. நான் வர்ற இடத்துல நிறுத்திப் படி.”

எடெல்மா எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். காலை ஊன்றவும் செய்தாள். ஆனால் பக்கத்து நாற்காலிகள் சிமென்ட் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கிழவிகள் ஒவ்வொருவராக அருகே நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி, அமாண்டினா, அமாண்டினா என்று இன்னொருத்தி காதில் கத்தினாள். அந்தக் குரலை அவர்கள் பன்னிரண்டு வயதில், பதினைந்து வயதில், அடுப்படியில் நின்று கேட்டவர்கள். ஏழெட்டு முகங்கள் அவள் வாயையே பார்த்துக் காத்திருந்தன. அறுபத்தொரு வருடமாக அவளுக்கு இப்படி யாரும் காத்திருந்ததில்லை.

அவள் படித்தாள்.

எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே தாழ வேண்டும் என்று அந்தக் குரலுக்கு ஒன்றும் மறந்திருக்கவில்லை. அழகி என்ற இடத்தில் நிறுத்தினாள். நிபியா தலையை ஆட்டினாள். பூதம் என்ற இடம் வந்தது, நன்றாக வந்தது, ஒருத்தி உஸ்ஸென்று மூச்சை இழுத்தாள். முகத்தை வருணிக்க எமக்குச் சொல் இல்லை என்பதைக் கெஞ்சலாகச் சொல்லி, குடல் கழுவும் பெண்களுக்கு வரும்போது குரலைச் சற்றே உயர்த்தினாள். சிரித்தார்கள். கண் நன்றாகத் தெரிந்த ஒரு கிழவி மட்டும் சிரிக்காமல், ஒவ்வொரு வார்த்தைக்கும் எடெல்மாவின் இடது கன்னத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள்.

வில்மார் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டான்.

படித்து முடித்தாள். கிழவிகள் கை தட்டினார்கள். தாதி ஒருத்தி சக்கர நாற்காலியில் இன்னொரு கிழவியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இவளுக்கு அமாண்டினா என்றால் உயிர், நேரமாகிவிட்டது, தொடக்கத்திலிருந்து ஒருமுறை படிக்க முடியுமா என்று கேட்டாள்.

எடெல்மா தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.